நான்கு வயதில் தொடங்கும் ஓட்டம்: நம் பிள்ளை எங்கே?

தமிழ்ப் பெற்றோர்களே!

"சீனர்களிடம் பணம் இருக்கிறது, அவர்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள்." இந்தப் பேச்சை இன்னும் எத்தனை காலம் பேசிக்கொண்டிருப்போம்? செராஸிலும் கெப்போங்கிலும் பங்களாக்காரர் மட்டுமா பிள்ளையைப் பாலர் பள்ளிக்கு அனுப்புகிறார்? சந்தையில் மீன் விற்பவரும் கார் பட்டறையில் வேலை செய்பவரும் அனுப்புகிறார்கள். கடன்பட்டாவது மாதம் பல நூறு ரிங்கிட் கட்டுகிறார்கள்.

ஏன் தெரியுமா? இந்நாட்டுச் சீனப் பிள்ளைகளில் 100க்கு 90 பேருக்கு மேல் சீனப்பள்ளியில் சேர்கிறார்கள். சீன எழுத்தை ஒவ்வொன்றாக எழுதி எழுதித்தான் மனத்தில் பதிக்க வேண்டும். பழகாமல் போகும் பிள்ளை முதலாம் ஆண்டிலேயே பின்தங்கிவிடும். அதனால்தான் 4, 5, 6 என மூன்று வயதும் அவர்களுக்குப் படிப்புக் காலம். சீனம், மலாய், ஆங்கிலம் மூன்றும் அப்போதே காதில் விழுகின்றன.

அவர்கள் அரசாங்கத்தின் கையை எதிர்பார்த்து நிற்கவில்லை. தனியார் மட்டுமல்ல, தேவாலயங்களும் புத்த சங்கங்களும் பாலர் பள்ளி நடத்துகின்றன. வகுப்பு நண்பகலில் முடிந்தால் வேன் வருகிறது. பிள்ளை 'டிரான்சிட்' மையத்துக்குப் போகிறது. அங்கே சாப்பாடு, குளியல், வீட்டுப்பாடம். இல்லையென்றால் தாத்தா பாட்டி பார்த்துக்கொள்கிறார்கள். அம்மா அப்பா இருவரும் நிம்மதியாக வேலை செய்கிறார்கள்.

இங்கேதான் நமது உரிமைக் கேள்வி எழுகிறது!

1996 கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. ஆனால் 2003இல் கட்டாயமானது ஆரம்பக் கல்வி மட்டுமே. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. எல்லாவற்றிலும் அரசாங்கப் பாலர் வகுப்பு இருக்கிறதா? இல்லை. இருக்கும் இடத்திலும் ஒரு வகுப்புக்கு 25 பிள்ளைகள், நாளுக்கு நான்கு மணி நேரம். தொழிற்சாலையில் ஷிப்டு வேலை செய்யும் தாய், நண்பகலில் பிள்ளையை எப்படிப் போய் அழைத்து வருவாள்? வேனுக்கும் டிரான்சிட்டுக்கும் கொடுக்க அவளிடம் பணம் ஏது? கதவைத் திறந்து வைத்துவிட்டு, நுழைய முடியாத நேரத்தைக் குறித்தால் அது உரிமையா?

காசு கொடுத்து வாங்குவது வசதி. அதை உரிமை என்று யாரும் நம்மை ஏமாற்ற வேண்டாம். ஏழைச் சீனக் குடும்பமும் இந்தக் கட்டணத்தில் திணறுகிறது. நாம் யாருடைய தட்டிலிருந்தும் பறிக்கக் கேட்கவில்லை. எல்லா இனத்து ஏழைக் குழந்தைக்கும் சேர வேண்டியதைக் கேட்கிறோம்.

ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் பாலர் வகுப்பு வேண்டும். வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு மாலை வரை பராமரிப்பு வேண்டும்.

நம் தலைவர்களுக்கும் ஒரு கேள்வி. திருவிழாவுக்குப் பந்தல் போடப் பணம் திரட்டும் நமக்கு, வாரநாளில் பூட்டிக்கிடக்கும் கோயில் மண்டபத்தில் முறையாகப் பதிவு செய்த ஒரு பாலர் பள்ளி தொடங்க ஏன் மனம் வரவில்லை?

பெற்றோர்களே, பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்கு இந்த வாரமே போங்கள். பாலர் வகுப்பு இருந்தால் பிள்ளையின் பெயரைப் பதியுங்கள். இல்லையென்றால் பத்துப் பெற்றோரைச் சேர்த்துக் கையெழுத்திட்டு, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் கொடுங்கள். நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்புங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்!

ஏழு வயதில் விழித்தால், மூன்று வருடம் பின்தங்கி விழிக்கிறோம். சிந்திப்பீர்! செயல்படுவீர்!