ஈவு தேறியது, தீர்ப்பு வரவில்லை

மரக்காணம் உப்பளங்களில் நிலத்தைச் சிறு சிறு பாத்திகளாகக் கட்டி, பல பேர் சேர்ந்து உப்பு வாருகிறார்கள். கணிதத்திலும் இன்று அதே வேலைப் பங்கீடுதான்! 1996-ல் தோன்றிய "கிம்ப்ஸ்" திட்டம், மெர்சென் எண்களைச் சோதிக்கும் வேலையை உலகெங்கும் உள்ள தொண்டர்களின் கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 2024 அக்டோபரில் 4,10,24,320 இலக்கங்கள் கொண்ட பகா எண் அதில் பிடிபட்டது.

வகுபட்டுப் போகும் எண்களின் கதை வேறு. 23 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 83,88,607. அதை 47 மீதியின்றி வகுத்துவிடும்; ஈவு 1,78,481. இந்த ஈவு பகா எண்தானா? சின்ன எண்ணாதலால், ஆம் என்று உடனே சொல்லிவிடலாம். பல லட்சம் இலக்கம் என்றால்? மெர்சென் எண்ணுக்கென்றே உள்ள லூக்கா-லெமர் சோதனை ஈவுக்குச் செல்லாது. ஃபெர்மா சோதனைதான் கதி. அதில் தேறினாலும் "பகா எண்ணாக இருக்கக்கூடும்" என்பதோடு சரி. 2-ஐ வைத்துச் செய்யும் அச்சோதனையில் 341-கூடத் தேறிவிடுகிறது. அதுவோ 11-ஐ 31-ஆல் பெருக்கி வந்த போலி!

ஐயத்துக்கே இடமில்லாத விரைவு முறையை 2002-ல் கண்டவர்கள் நம் நாட்டவரே: கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. உலகமே பாராட்டியது. ஆயினும் இத்தனை பெரிய ஈவுகளுக்கு நடைமுறையில் அதுவும் எட்டவில்லை. அவை இன்னும் "இருக்கக்கூடும்" பட்டியலிலேயே காத்துக் கிடக்கின்றன.