புயல் விலகியதற்கு நன்றி கூறுதல்

சிவமயம்

புயல் ஓர் ஊரை அழித்து மற்றோர் ஊரை விட்டுச் செல்லுமாயின், விடப்பட்ட ஊரார் திருக்கோயிலை அடைந்து வழிபடுதல் இயல்பு. அது நன்றே. ஆயின் அவ்வழிபாட்டின்கண் சிலர் கூறுஞ் சொற்கள் சைவத்திற்கு ஏலாதனவாய் உள்ளன. "பெருமான் நம்மைக் காத்துப் புயலை அப்பால் போக்கினான், அவ்வூரார் தம் வினையை நுகர்ந்தனர், அவரைப் பார்க்க நம் குறை சிறிதென்று தெளிந்தோம்" என்பன அவை. இம்மூன்றும் பத்தியின் வடிவில் வரும் பிழைகளாதலின் ஈண்டு ஆராயப்படும்.

2018-ஆம் ஆண்டு நவம்பரில் வங்கக் கடலில் எழுந்த கஜா என்னும் புயல், தொடக்கத்தில் வடதமிழகக் கரையை நோக்கி வருமென்று எதிர்பார்க்கப்பட்டது. பின்னர் அது தெற்கே சென்று, அம்மாதம் 16-ஆம் நாள் பின்னிரவில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் வீசிய காற்றால் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்கள் வேரோடு சாய்ந்தன. நட்ட தென்னை காய்த்தற்கு ஐந்தாறு ஆண்டுகள் வேண்டும். ஆதலின் ஓரிரவில் வீழ்ந்தது ஒரு குடும்பத்தின் பல்லாண்டு வாழ்வு. வேதாரணியமாவது திருமறைக்காடு, அப்பரும் ஞானசம்பந்தரும் பதிகம் பாடி மறைக்கதவந் திறப்பித்தும் அடைப்பித்தும் அருளிய தலம். வடபுலத்தாரைக் காத்தற்பொருட்டுப் பெருமான் புயலை வேறிடம் ஏவினான் எனின், அவன் ஏவிய இடம் தன் மறைக்காட்டுப் பக்கமே என்றாகும். இது புகழோ, பழியோ? சொல்வார் சிறிது எண்ணுக.

இறைவன் விருப்பு வெறுப்பிலன் என்பது சித்தாந்தத்தின் துணிபு. காற்றும் மழையும் மாயையின் காரியங்கள். அவன் சந்நிதியில் தத்தம் நெறியில் இயங்குவன. நமக்கு நட்பாயும் அயலார்க்குப் பகையாயும் நிற்பதொரு தெய்வம் உளதாயின், அது சிவபெருமான் ஆகாது.

அற்றேல், திருப்புன்கூரில் பெருமான் பன்னிரு வேலி கொண்டு மழை பெய்வித்ததும், மழை மிக்க காலத்துப் பின்னும் பன்னிரு வேலி கொண்டு அதனை நிறுத்தியதும் என்னாம் எனின், அவை மெய்யே. ஆண்டு மழை நின்றது, அயலூரின்மேல் ஏவப்பட்டதன்று. துன்பம் நீங்குக என வேண்டுதல் வேறு. அது பிறர்பாற் சென்றதென மகிழ்தல் வேறு. முன்னது அடியார் நெறி. பின்னதற்கு அடியார் வரலாற்றில் இடமில்லை.

இனி, "அவர் வினை" என்பாரை நோக்குவாம். காற்று, மழை, இடி முதலியவற்றான் வருந் துன்பத்தை ஆதிதைவிகம் எனச் சாத்திரம் வகுத்தது உண்மை. அது வினைவழி வருவதென்பதும் உண்மை. ஆயின் ஒருவன் வினையை அறிந்து கூட்டுவான் இறைவன் ஒருவனே. கடற்கரைக் குடிசையில் இருந்தானது பழவினையை மாடிவீட்டில் இருப்பான் எக்கண்கொண்டு கண்டான்? பிறர் வினையில் தலையிடுதல் தகாதென்று கைகட்டி இருப்பான், தன் பசியும் வினையே என்று உலை வையாது இருப்பானோ? துன்பம் வினைவழி வந்ததாயின், அதனைத் துடைக்க வருங் கையும் அவ்வழியே இறைவன் கூட்டுவிப்பது. அக்கை தன் கையாகாது போயின், அது தப்பியவனுடைய தீவினை என்க. சிவஞான சித்தியார் அறத்தின் கூறுகளை எண்ணுமிடத்து ஒழுக்கத்தோடு அன்பையும் அருளையும் உடன் எண்ணியது இத்தகையாரை நோக்கியே போலும்!

"அவரைப் பார்க்க நம் குறை சிறிது" என்பது ஓரளவு மெய்யாம். கூரை ஒழுகுகின்றதென்று முறையிட்டவன், கூரையே இழந்தாரைக் கண்டு நாணுதல் நன்று. அந்நாணம் அவ்வளவில் நின்றுவிடுமாயின், பிறர் கண்ணீர் இவனுக்கு மருந்தாயிற்று. அவர்க்கு யாதும் ஆயிற்றில்லை. வைகை பெருகிய காலத்துப் பெருமான் வந்தியின் பங்கிற்குக் கூலியாளாய் மண் சுமந்தான். பாண்டியன் ஓச்சிய பிரம்படி எல்லா உயிர்மேலும் பட்டது. இத்திருவிளையாடலை ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடுவோர், அயலூரில் விழுந்த அடி தம்மேல் படவில்லை என்று மகிழ்வது எங்ஙனம்?

நன்றியறிதல் இன்னதென்பதற்குத் திருவீழிமிழலையே சான்று. வான் பொய்த்து வற்கடம் பரந்த காலத்து, அப்பரும் ஞானசம்பந்தரும் ஆண்டு நாள்தோறும் படிக்காசு பெற்றனர். தமக்கு வந்த அருளென்று அதனை முடிந்து வைத்தாரல்லர், அடியார்க்கெல்லாம் அமுதாக்கினர். பெற்றதும் நன்றி கூறியதும் அவ்வமுதிலேயே நிறைவுற்றன. புயலுக்குத் தப்பிய நெல்லும், சாயாது நிற்குந் தோப்பும், நனையாத கூரையும் இன்று நம்மனோர் கையிற் கிடக்கும் படிக்காசுகளே.

தப்பிய ஊரார் செய்யும் அபிடேகத்தை விலக்குக என்று ஈண்டுக் கூறப்பட்டதில்லை. அவ்வபிடேகத்திற்கு எடுத்த பொருளோடு, வீழ்ந்த தோப்பிற்குத் தென்னங்கன்றும், சாய்ந்த குடிலுக்குக் கூரையும், நனைந்த அடுப்பிற்கு அரிசியும் புறப்படுக. "எம்மைக் காத்தாய்" என்று சந்நிதியில் கூறுவார், "எதன்பொருட்டுக் காத்தாய்?" என்றும் உடன் வினவுக. அவ்வினாவிற்கு விடை கோயிலின் புறத்தே, மறைக்காட்டு வழியில் காத்துக்கிடக்கின்றது.

திருச்சிற்றம்பலம்.