65-ஆம் நாள்

மாடி வீட்டுப் பையன் மூன்று வருஷமாகப் பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடுகிறவன். திங்கட்கிழமை அவனை வரிசைக்குப் போய் நிற்கச் சொல்லிவிட்டார்கள். வயது 13, குரல் உடைந்துவிட்டது. “ஹார்மோன் வேலைடா, ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சார் சொல்லிட்டாரு மாமா” என்றான், படிக்கட்டில் உட்கார்ந்து. பழைய பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் இதற்கு மகரக்கட்டு என்று பெயர். அது வந்ததும் ராஜபார்ட் வேஷம் கைமாறும். அந்தச் சிறுவர்களிடமும் யாரும் எதையும் விளக்கியிருக்க மாட்டார்கள்.

‘ஹார்மோன்’ என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறவர்கள் மேல் எனக்கு உள்ள கோபம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கே போய், எதைத் தொட்டு, என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? கேட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு சின்னப் பறவையிடம் கேட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் ஜீப்ரா ஃபின்ச்சில் ஆண் மட்டுமே பாடும். பெரிய ஆணின் பாட்டை முதல் இரண்டு மாதங்களுக்குள் கேட்டு மனத்தில் வாங்கி, உளறி உளறிப் பழகி, ஏறக்குறைய 90 நாளில் தனக்கென ஒரு பாட்டை உறுதி செய்துகொள்ளும். ஆயுள் முழுக்க அதே பாட்டுதான். குஞ்சுக்கு முன்கூட்டியே டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் பாட்டு சரியாக அமைவதில்லை என்பது 1991-லேயே தெரிந்திருந்தது. பையனுக்கு மாறுவது தொண்டை. பறவையில் மாறுவது மூளை.

பாட்டு கற்கும் மூளைப் பகுதிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கொண்டுபோவது குளுட்டமேட். அதை வாங்கிக்கொள்வது பெரும்பாலும் என்எம்டிஏ என்ற ஏற்பி. இதன் கதவு லேசில் திறக்காது. குளுட்டமேட் வந்து தட்ட வேண்டும், அதே நேரத்தில் உள்ளே இருக்கும் செல்லும் ஏற்கெனவே விழித்திருக்க வேண்டும். இரண்டும் கூடிவந்தால்தான் மின்னோட்டம். குஞ்சுக்கு அந்த ஓட்டம் மெதுவாக அடங்கும். வளர வளரச் சட்டென்று அடங்கிவிடும்.

1999-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபனி வைட், ஃபிரெடரிக் லிவிங்ஸ்டன், ரிச்சர்டு மூனி மூவரும் இளம் பறவைகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தார்கள். ஓட்டம் காலத்துக்கு முன்பே வேகமாகிவிட்டது. அதுவும் பாட்டுப் பகுதிகளில் மட்டும். பாட்டோடு சம்பந்தமில்லாத இடத்தில் மாற்றம் இல்லை. ஆக, ஏற்பியை அவசரப்படுத்திக் கற்கும் காலத்தை முடித்துவைப்பது ஹார்மோன்தான் என்று தோன்றியது. பையனின் ஆசிரியர் சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்கும்.

நான் இவர்களைக் கொண்டாடுவது அடுத்த வருஷத்துக்காக. அழகாகப் பொருந்திவந்த தங்கள் கணக்கை 2000-த்தில் அதே மூவரும் சோதித்தார்கள். பெரிய ஆணின் பாட்டு காதில் விழாமலே குஞ்சுகளை வளர்த்தார்கள். 65-ஆம் நாள் பார்த்தால், ஓட்டம் வளர்ந்த பறவையுடையதைப் போலவே வேகமாகியிருந்தது. கணக்குப்படி காலம் கடந்துவிட்டது. அதன் பிறகுதான் பாடும் ஆண் பறவையை அவற்றோடு விட்டார்கள்.

கற்றுக்கொண்டன.

படிக்கட்டிலேயே இதைப் பையனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, பாதி மேலேயும் பாதி கீழேயுமாக உடைந்த குரலில், “அது என்ன பாட்டு கத்துக்கிச்சு மாமா?” என்று கேட்டான்.

“கூட விட்ட பறவையோட பாட்டுதான்” என்றேன்.