கண்ணகி நகருக்குக் காய்கறி வண்டி வருமா?

விடிவதற்குள் கோயம்பேட்டில் லாரி லாரியாகக் காய்கறி இறங்குகிறது. 20 கிலோ மீட்டருக்கு அப்பால் கண்ணகி நகர். சென்னையின் குடிசைப் பகுதிகளைக் காலி செய்து, 2000-ம் ஆண்டு முதல் ஏழைகளைக் குடிவைத்த இடம். வீடு கொடுத்தாச்சு, கறிகாய்க்கு வழி?

கை மாறி, வண்டி மாறி வந்து சேர்வதற்குள் கத்தரிக்காய் வாடிப் போகுது. விலை மட்டும் வாடுவதில்லை! பஸ் பிடித்துக் கோயம்பேடு போய் வந்தால் அன்றைய கூலி போச்சு.

வழி இல்லாமல் இல்லை. 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, இடைத்தரகர் இல்லாமல் விற்கலாம் என்று காட்டியது. 2021 ஊரடங்கில் அரசே ஏற்பாடு செய்து தெருத் தெருவாக வண்டியில் காய்கறி விற்றது. அன்று முடிந்தது இன்று முடியாதா?

கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் வாரம் 3 நாளாவது வண்டி விடுங்கள், அதிகாரிகளே!