நீளத்தைக் கேட்கிறார்கள், அடிவயிற்றைக் கேட்பதில்லை

ஜூன் பிறந்துவிட்டால் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்குத் தனிக் களை வந்துவிடும். பிரான்ஸில் 1923 முதல் நடந்துவரும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தைப் பார்க்கக் கிளம்பும் ரசிகர்கள், தங்கள் போர்ஷே, லோட்டஸ், கேட்டர்ஹாம் வண்டிகளோடு பெர்ரி வரிசையில் வந்து நிற்பார்கள். ஆங்கிலக் கால்வாயைக் கடந்து கான் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் உய்ஸ்ட்ரஹாமில் இறங்கினால், பந்தயத் திடல் சுமார் இரண்டு மணி நேர ஓட்டம்தான். பெருவேகத்துக்கும் அசராத இந்த வண்டிகள் மிரளுவது ஒரே இடத்தில். கப்பலுக்குள் ஏறும் இரும்புச் சாய்தளத்தில்.

அங்கே ஒளிரும் மேற்சட்டை போட்ட பணியாளர் ஒருவர் பாதி மண்டியிட்டு, காரின் மூக்குக்கும் இரும்புத் தகட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கிறார். இரண்டு விரலை மட்டும் அசைத்து வரச் சொல்கிறார். சட்டென்று உள்ளங்கையை விரிக்கிறார். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை ஒடித்து, வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுகிறார். பின்னால் நிற்கும் லாரிக்காரர் பொறுமையாக வேடிக்கை பார்க்கிறார். இவ்வளவுக்கும் பிறகு சில நேரம் அந்தக் கர்ரென்ற சத்தம் கேட்டே விடுகிறது.

இதில் ஓட்டுநரின் திறமைக்குப் பெரிய பங்கு இல்லை. கணக்கு அப்படி. போர்ஷே 911இன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.45 மீட்டர். அடியில் 12 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், நடுவயிறு தட்டாமல் தாண்டக்கூடிய மேட்டு முறிவு சுமார் 11 டிகிரி. இடைவெளி 10 சென்டிமீட்டராகக் குறைந்தால் 9 டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மூக்கின் நிலை இன்னும் மோசம். முன் அச்சைத் தாண்டி ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு, தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், சமதளத்திலிருந்து 6 டிகிரி ஏற்றம் வந்தாலே உரசிவிடும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சாய்வு 5.7 டிகிரி. துறைமுகங்களில் அது ஒன்றும் அபூர்வமான சாய்வு அல்ல.

சென்னைத் தெருக்களில் சொகுசு கார்கள் வேகத்தடைகளைக் குறுக்கே வளைந்து ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை பழக்கமானதுதான். ஆனால் வேகத்தடை போட்ட இடத்தில் போட்ட உயரத்தில் கிடக்கும். கடல் அப்படிக் கிடக்காது.

கரைக்கும் கப்பலுக்கும் நடுவே இருப்பது ஒரு கீல் பாலம். ஒரு முனை கரையில் பூட்டியிருக்கும். மறுமுனை மிதவையின் மேலோ, தூக்கி இறக்கும் இயந்திரத்திலோ இருக்கும். கடல் ஏறினால் பாலம் மேல்நோக்கிச் சாயும், வற்றினால் கீழ்நோக்கி. கப்பலின் தளம் கரை மட்டத்தைவிட 3 மீட்டர் தாழ்ந்துவிட்டால், 30 மீட்டர் நீளப் பாலமும் பத்துக்கு ஒன்று என்ற சாய்வுக்கு வந்துவிடும். பிரான்ஸின் சென் மாலோவில் பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 12 மீட்டரையே தாண்டும். ஆக, புதன்கிழமை காலையில் வழுக்கிக்கொண்டு ஏறிய அதே கார், அதே கப்பலில், ஞாயிறு மாலை திரும்பும்போது உரசலாம். பாலம் முடிந்து கப்பலின் சொந்தத் தகடு தொடங்கும் இடத்தில் இன்னொரு முறிவு வேறு இருக்கிறது. மேட்டில் வயிறு தட்டும், பள்ளத்தில் மூக்கு தட்டும்.

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை இருந்தது. கேப்டன் ஸ்டூவர்ட் டவுன்சென்ட் என்பவர், ரயில்வே கப்பல்கள் காருக்குக் கேட்ட கட்டணம் கொள்ளை என்று கருதி, 1928இல் ஒரு நிலக்கரிக் கப்பலை வாடகைக்கு எடுத்து டோவருக்கும் கலேக்கும் நடுவே ஓட்டினார். கார்கள் கிரேனில் தொங்கியபடிதான் கப்பலில் ஏறின. உரசல் கிடையாது, உரிமையாளரின் உயிர்தான் கொஞ்ச நேரம் அந்தரத்தில் ஆடும். டோவரின் கிழக்குத் துறையில் ஓட்டி ஏற்றும் சாய்தளங்கள் 1953இல்தான் வந்தன. 1968 முதல் 2000 வரை ஓடிய எஸ்.ஆர்.என்.4 ஹோவர்கிராஃப்ட் இன்னொரு வழியைக் காட்டியது. கடலிலிருந்து அப்படியே கரையேறி கான்கிரீட் தளத்தில் உட்கார்ந்துவிடும். கடல் எந்த மட்டத்தில் இருந்தாலும் கார் ஏறும் கோணம் மாறாது. அது ஒழிந்துபோனதில் தாழ்ந்த கார்களுக்குத்தான் நஷ்டம்.

ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவுக்குப் போகும் கிளெனாகுலிஷ் படகில், கோணம் மாறாத இந்தக் குணம் இன்றும் பாதி இருக்கிறது. 1969இல் கட்டியது, ஆறு கார்கள் பிடிக்கும். கார்கள் நிற்கும் தளத்தைப் பணியாளர்களே கையால் தள்ளிச் சுழற்றித் திருப்புவார்கள். ஸ்காட்லாந்தில் இந்த வகையில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். கரையில் சரிந்து இறங்கும் கற்பாதையில் கடல் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கேயே படகு வந்து அணையும். பாதையின் சரிவு செங்குத்துதான், ஆனாலும் நாளுக்கு நாள் மாறாது. ஒருமுறை ஏறிப் பார்த்தவருக்கு மறுமுறை என்ன நடக்கும் என்று தெரியும். கோடிகளைக் கொட்டிக் கட்டிய பெருந்துறைகளில் பயணிக்கு இந்த ஒன்று மட்டும் தெரிவதில்லை.

தெரியாமல் இருப்பதற்கு நியாயமே இல்லை. கடலின் ஏற்ற வற்றத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிமிடக் கணக்கில் சொல்லிவிடலாம். ஓத அட்டவணைகள் அச்சாகி விற்பனைக்கே வருகின்றன. கப்பல் கிளம்பும் நேரம் தெரியும், பாலத்தின் நீளம் தெரியும். சரக்கைப் பொறுத்துக் கப்பல் எவ்வளவு அமிழும் என்பதும் ஏறக்குறையத் தெரியும். எந்தப் பயணத்தில் சாய்வு எத்தனை டிகிரி இருக்கும் என்பது ஒரு மாலை நேரக் கணக்கு. ஆனால் டிக்கெட் எடுக்கப் போனால் பெரும்பாலும் கேட்கப்படுவது வண்டியின் நீளமும் உயரமும்தான். நீளத்துக்குக் காசு, உயரத்துக்குத் தளம். கிரவுண்ட் கிளியரன்ஸுக்குக் காசு இல்லை, ஆகவே கேள்வியும் இல்லை. தாழ்வான வண்டி என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று ஒரு சில நிறுவனங்கள் கேட்டுக்கொள்கின்றன. எவ்வளவு தாழ்ந்தால் தாழ்வு என்பதைப் பயணியே யூகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பணக்காரரின் பம்பர் கீறினால் ஊருக்கு என்ன என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதே சாய்தளத்தில் சக்கர நாற்காலியோடு ஏறும்படி தரையைத் தாழ்த்திக் கட்டிய வேன்களும் ஏறுகின்றன. பின்பக்கம் நீண்ட மோட்டார் ஹோம்கள், கேரவன் இழுக்கும் குடும்பக் கார்கள், பேட்டரியை வயிற்றில் சுமக்கும் மின்சாரக் கார்கள் என்று வரிசை நீளம். லோட்டஸ் வைத்திருப்பவர் உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விடுவார். சக்கர நாற்காலி வேன் பாதிச் சாய்தளத்தில் தட்டி நின்றால், உள்ளே இருப்பவருக்கு அது வெறும் கீறல் அல்ல.

கப்பலின் உயரமும் கரையின் உயரமும் ஒத்துப்போகாமல் இருப்பதைச் சில்லறை விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஒரு கொடூரமான உதாரணம் இருக்கிறது. 1987 மார்ச் 6ஆம் தேதி பெல்ஜியத்தின் ஜீப்ரூகே துறைமுகத்துக்கு வெளியே 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். முன்கதவை மூடாமல் கிளம்பியதுதான் காரணம். ஆனால் அந்தத் துறையின் பாலம், உயர் ஓதத்தில் கப்பலின் மேல் வாகனத் தளத்தை எட்டவில்லை. அதற்காக முன்பக்கத் தொட்டிகளில் நீர் நிரப்பிக் கப்பலின் மூக்கைத் தாழ்த்தியிருந்தார்கள். அந்த நீர் முழுதும் வெளியேறுவதற்கு முன்பே கப்பல் கிளம்பியது. திறந்திருந்த கதவு கடலுக்கு இன்னும் நெருக்கமானது.

கார் கம்பெனிகளையும் சும்மா விடக் கூடாது. மால் வாசலைத் தாண்டி மண்ணை மிதிக்காத எஸ்.யூ.வி.க்கு அணுகு கோணம், முறிவுக் கோணம், விலகு கோணம் என்று விளம்பரத் தாளில் பெருமையாக அச்சடிக்கிறார்கள். உண்மையிலேயே அந்த எண்கள் தேவைப்படும் ஸ்போர்ட்ஸ் காரின் கையேட்டில் அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது பாடு. அதற்குப் பதிலாகக் கூடுதல் காசுக்கு முன்மூக்கைத் தூக்கும் கருவி விற்கிறார்கள். இன்றைய 911 ஜிடி3இல் ஒரு பொத்தானைத் தட்டினால் மூக்கு சுமார் 40 மில்லிமீட்டர் எழும்பும். தட்டிய இடத்தை ஜிபிஎஸ் மூலம் நினைவில் வைத்து, அடுத்த முறை தானாகவே எழும்பும் வசதியும் உண்டு. நல்ல வேலைப்பாடுதான். ஆனால் அது தூக்குவது மூக்கை. பாலத்தின் முகட்டில் தட்டும் நடுவயிற்றுக்கு அதில் பாதி கூட முழுசாகக் கிடைக்காது.

உள்ளே போய் நிறுத்திய பிறகு இன்னொரு சின்னத் தொல்லை. சாய்வை உணரும் அலாரத்தை அணைக்காமல் மேலே போய்விட்டால், அலை ஆட ஆட அது வழி முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும். அணைக்கத் திரும்பி வரவும் முடியாது, ஏனென்றால் சர்வதேசப் பயணங்களில் கப்பல் ஓடும்போது பயணிகளை வாகனத் தளத்துக்கு வர விடமாட்டார்கள்.

சேதம் நேர்ந்தால் சட்டம் கைகொடுக்குமா? ஓரளவு. கடல் பயணிகளுக்கான ஏதென்ஸ் ஒப்பந்தத்தின் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் வாகனத்துக்கு நிறுவனம் தரவேண்டிய அதிகபட்சத்தை 12,700 எஸ்.டி.ஆர். என்று வரையறுக்கிறது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. தன் தவறு இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பும் நிறுவனத்தைச் சேர்ந்தது. சாய்தளச் சாய்வை முன்பே சொல்லிவிட்ட நிறுவனத்துக்கு அப்படிக் காட்டுவது எளிது என்பதால், அந்த எண்ணை வெளியிடுவது அவர்களுக்கும் லாபம்தான். பயணிக்கும் ஒரு கடமை உண்டு. வெளிப்படையாகத் தெரியும் சேதத்தை வண்டி கைக்கு வரும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். தெரியாத சேதத்துக்கு 15 நாள் அவகாசம். அடிவயிற்றுக் கீறலோ அடுத்த சர்வீஸில் காரை லிஃப்டில் தூக்கும்போதுதான் கண்ணில் படும். அதற்குள் கெடு தாண்டியிருக்கும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் ஏறுவதற்கு முன் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை, கைப்பேசியைக் காருக்கு அடியில் நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.