ஊர் திரும்புவது குற்றமாகுமா?

அனலைதீவு ஐயனார் கோவில் திருவிழாக் காலத்தில் ஊர்காவற்றுறை இறங்குதுறையில் சிறிது நேரம் நின்றால், புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் பெட்டிகளுடன் படகுக்குக் காத்திருப்பதைக் காணலாம். அவர்களுள் மூத்தவர்கள் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இதே கடலைக் கடந்து ஊரை விட்டுச் சென்றவர்கள். இன்று அவர்கள் கையில் கனடாவினதோ, பிரான்ஸினதோ கடவுச்சீட்டு இருக்கின்றது. விமான நிலையத்தில் முத்திரை பதிக்கப்பட்டு, விருந்தினர்களாக உள்ளே வருகின்றனர். அன்று நீங்கள் நாட்டை விட்டு எவ்வழியாகச் சென்றீர்கள் என்று அவர்களிடம் பொதுவாக எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

அதே ஆண்டுகளில், அதே அச்சத்தினால், வடபுலக் கரைகளிலிருந்து படகேறி இராமேஸ்வரம் சென்றவர்களின் கதை வேறு. அவர்கள் கையில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இல்லை. அவர்கள் இன்னமும் இந்நாட்டின் பிரஜைகள். ஆனால் நாடு திரும்பும்போது விசாரணையை எதிர்கொள்பவர்கள் அவர்களே.

2025 மே மாத இறுதியில் பலாலி விமான நிலையத்தில் நடந்தது இதற்குச் சான்று. தமிழகத்தில் அகதியாக வாழ்ந்து, ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் ஏற்பாட்டில் சொந்த மண்ணுக்குத் திரும்பிய 75 வயது முதியவர் ஒருவர், விமானத்தால் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். பல ஆண்டுகளுக்கு முன்னர் அங்கீகரிக்கப்பட்ட துறைமுகமோ விமான நிலையமோ அல்லாத வழியாக நாட்டை விட்டு வெளியேறினார் என்பதே அவர் மீதான குற்றச்சாட்டு. இலங்கைத் தமிழரசுக் கட்சியின் எம்.ஏ.சுமந்திரன் இதனைப் பகிரங்கப்படுத்தியதும் அமைச்சர் பிமல் ரத்நாயக்க பதிலளித்தார். இது அரசின் கொள்கையல்ல. நடைமுறையிலுள்ள சட்டம் தானாகவே பிரயோகிக்கப்பட்டதன் விளைவு. அது மாற்றப்படும் என்பது அவரது விளக்கத்தின் சாரம்.

அமைச்சர் விரைந்து பதிலளித்தமை வரவேற்கத்தக்கது. ஆயினும், 'சட்டம் தானாகவே இயங்கியது' என்ற விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. சட்டம் தானாக இயங்குவதில்லை. அதனை இயக்கும் திணைக்களங்கள் உள்ளன. அத்திணைக்களங்களுக்குப் பொறுப்பான அமைச்சர்களும் உள்ளனர்.

யார் அந்தப் பொறுப்பாளர்கள்? 2024 நவம்பரில் பதவியேற்ற தேசிய மக்கள் சக்தி அமைச்சரவையில் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சு ஆனந்த விஜேபாலவிடம் ஒப்படைக்கப்பட்டது. பொலிஸ் திணைக்களமும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும் அந்த ஒரே அமைச்சின் கீழ் வந்தன. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளின் பிரஜாவுரிமையைப் பதிவு செய்வதும் இந்தக் குடிவரவுத் திணைக்களத்தின் பணியே. மறுபுறம், சட்டத்திருத்தத்தை வரைய வேண்டிய சட்டவரைஞர் திணைக்களமும், வழக்குத் தொடர்வதா இல்லையா என்று தீர்மானிக்கும் சட்டமா அதிபர் திணைக்களமும் நீதி அமைச்சைச் சார்ந்தவை. அந்த அமைச்சு ஹர்ஷன நாணயக்காரவிடம் வழங்கப்பட்டது. ஆகவே பலாலியில் நடந்தது ஒரு கீழ்நிலை உத்தியோகத்தரின் தவறு என்று கடந்து செல்வதற்கில்லை. இரண்டு அமைச்சுகளின் வாசலில் வைக்கப்பட வேண்டிய விடயம் இது.

நாடு திரும்பும் ஒருவர் பிரஜையா, சந்தேகநபரா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஒரே கூரையின் கீழ் குவிந்திருப்பது இங்குள்ள முதற் சிக்கலாகும். இக்குவிப்பு இன்றைய அரசு உருவாக்கியதன்று. ரணில் விக்கிரமசிங்க ஆட்சியில் டிரான் அலஸ் இவ்வமைச்சுக்குப் பொறுப்பாக இருந்த காலத்திலும் இதே நிலையே காணப்பட்டது. அதன் பலன் என்ன? இலத்திரனியல் விசா வழங்கும் பணியை வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுத்த ஏற்பாட்டை உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் இடைநிறுத்தியது. அக்கட்டளையை நடைமுறைப்படுத்தாத குடிவரவுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் நீதிமன்ற அவமதிப்புக்காக 2025இல் சிறைத்தண்டனை பெற்றார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோனை நாடாளுமன்றமே பதவி நீக்கியது. ஓர் அமைச்சின் இரு பெருந் திணைக்களங்களின் தலைவர்களுக்கு நேர்ந்த கதி இது. இத்தகைய நிறுவனங்களிடம்தான், கடலைக் கடந்து திரும்பும் முதியவரின் தலைவிதி ஒப்படைக்கப்பட்டுள்ளது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமாகும். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது என்பதை நினைவிற் கொள்ளல் தகும். அங்கீகரிக்கப்பட்ட இடங்கள் வழியாக மட்டுமே நாட்டை விட்டு வெளியேறலாம் என்கிறது இச்சட்டம். பிற்காலத் திருத்தங்களின்படி, மீறுவோருக்கு ஐந்து ஆண்டுகள் வரையான சிறையும் இரண்டு இலட்சம் ரூபா வரையான தண்டமும் விதிக்கப்படலாம்.

இந்த விதியை 1990ஆம் ஆண்டின் தீவக மக்களுக்குப் பொருத்திப் பாருங்கள். அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கான ரயில் சேவை நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. பலாலி விமான நிலையமும் காங்கேசன்துறைத் துறைமுகமும் படையினரின் கைகளில் இருந்தன. கிளாலிக் கடலேரியைக் கடப்பது உயிரைப் பணயம் வைப்பதற்குச் சமமாயிற்று. தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதியை விட்டு வெளியேற விடுதலைப் புலிகள் 'பாஸ்' கேட்டனர். மறுபக்கம் 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளில் தீவகம் வெறுமையாகிக் கொண்டிருந்தது. அத்தகைய வேளையில், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கட்டுநாயக்காவுக்குச் சென்று, கடவுச்சீட்டில் முத்திரை பெற்றுக்கொண்டு அகதியாகுங்கள் என்று சொல்வதற்கு எந்த அரசுக்குத் தார்மிக உரிமை உண்டு? அங்கீகரிக்கப்பட்ட வழிகளை அடைத்தது போர். அந்தப் போரின் ஒரு தரப்பாக நின்றது அரசு. வழியை அடைத்த தரப்பே, வேறு வழியால் சென்றது குற்றம் என்று வழக்குத் தொடர்வது நியாயத்தின் பாற்பட்டதன்று.

அரசியலமைப்பின் 14(1) உறுப்புரை பேச்சுச் சுதந்திரம், ஒன்றுகூடும் சுதந்திரம் முதலியவற்றோடு, இலங்கைக்குத் திரும்பி வருவதற்கான சுதந்திரத்தையும் ஒவ்வொரு பிரஜைக்கும் உறுதி செய்கின்றது. இலங்கை 1980இல் ஏற்றுக்கொண்ட குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையும் தன் சொந்த நாட்டினுள் நுழையும் உரிமை எவருக்கும் எதேச்சாதிகாரமாக மறுக்கப்படலாகாது என்கின்றது. சிறைக் கதவின் வழியாகத்தான் திரும்பி வரலாம் என்றால், அந்தச் சுதந்திரம் ஏட்டுச் சுரைக்காய் அன்றி வேறென்ன?

முன்னுதாரணம் இல்லாத கோரிக்கையுமன்று இது. ராஜீவ் காந்தி கொலைக்குப் பின்னர், 1992 முதல் 1995 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள் தமிழகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். போர் நடந்துகொண்டிருந்த அந்நாட்களில்கூட அவர்கள் இடைத்தங்கல் முகாம்களில் ஏற்றுக்கொள்ளப்பட்டனர். போர் முடிந்து பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னர், ஒரு முதியவரை ஏற்றுக்கொள்வதில் அரசுக்கு என்ன தடை இருக்கின்றது?

இவ்விடத்தில் பாக்கு நீரிணையின் மறுகரையையும் நோக்க வேண்டும். தமிழகத்தில் இன்னமும் சுமார் 90 ஆயிரம் இலங்கைத் தமிழர் உள்ளனர். அவர்களுள் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர், 2021 முதல் 'மறுவாழ்வு முகாம்கள்' என்று அழைக்கப்படும் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம்களை ஒதுக்கியது. இலங்கைத் தமிழரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், இந்தியா எல்லோருக்குமான தர்மசாலை அல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்ற அமர்வு 2025 மே மாதத்தில் கருத்துரைத்தது. இருந்தும், 2025 செப்டெம்பரில் புதுடில்லி ஓர் ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9ஆம் திகதிக்கு முன்னர் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து அந்த ஆணை விலக்களித்தது. ஆவணமின்றி உள்ளே வந்ததை அயல்நாடு மன்னிக்கின்றது. ஆவணமின்றி வெளியே சென்றதைத் தாய்நாடு மன்னிக்கவில்லை. இதைவிட வெட்கக்கேடான முரண் வேறொன்று இருக்க முடியாது.

முகாம்களிலேயே பிறந்து வளர்ந்த இளந்தலைமுறையின் நிலை இன்னும் சிக்கலானது. 1987 ஜூலைக்குப் பின் இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் எவரும் இந்தியர் அல்லாதவிடத்து, பிறப்பால் அந்நாட்டுக் குடியுரிமை கிட்டாது. தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, இலங்கைப் பிரஜாவுரிமையையும் பதிவு செய்யும் வரை அப்பிள்ளை இரு நாட்டுக்கும் அந்நியமே. தந்தை பலாலியில் கைதாகின்றார் என்ற செய்தியைக் கேட்ட மகன், அந்தப் பதிவுக்காகத் தூதரகப் படியேற முன்வருவானா?

இது தமிழ் அகதிகளின் பிரச்சினை மட்டுமே என்று முஸ்லிம் வாசகர்கள் கருதிவிடலாகாது. 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், பல ஆண்டுகளின் பின் ஊர் திரும்பியபோது எதிர்கொண்டதும் இதே காகிதச் சுவரைத்தான். புத்தளத்தில் பதிவு இருக்கின்றதே, இங்கு எவ்வாறு காணி கேட்கலாம் என்ற கேள்வி அவர்களை அலுவலகம் அலுவலகமாக அலைக்கழித்தது. விரட்டப்பட்டவரிடமே வெளியேறியதற்குக் கணக்குக் கேட்கும் மனப்பாங்கு இரு சமூகங்களையும் ஒருங்கே வதைத்திருக்கின்றது.

அடைக்கலம் தேடி வருவோர் விடயத்திலும் இதே மனப்பாங்கு வெளிப்பட்டது. 2024 டிசெம்பர் 19ஆம் திகதி நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யா முஸ்லிம்களுடன் படகொன்று முல்லைத்தீவுக் கரையை அடைந்தது. மியன்மாரின் 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட அவர்களுக்கு முதலில் உணவும் நீரும் அளித்தவர்கள் முள்ளிவாய்க்காலின் தமிழர்கள். அரசோ அவர்களைக் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் தங்கவைத்தது. அவர்களைப் பார்வையிடச் சென்ற மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அதிகாரிகளுக்கு, குடிவரவுத் திணைக்களத்தின் அனுமதி இல்லை என்று அனுமதி மறுக்கப்பட்டது. அவர்களைத் திருப்பி அனுப்பும் எண்ணம் அரச தரப்பில் வெளிப்பட்டபோது, 2025 ஜனவரியில் முல்லைத்தீவில் தமிழர்கள் வீதியில் இறங்கினர். நாடற்ற வாழ்வு இன்னதென்று அறிந்தவர்களின் குரல் அது. அந்தக் குரலின் நியாயத்தைக் கொழும்பு செவிமடுத்திருக்க வேண்டும்.

அரச தரப்பின் வாதத்தையும் புறந்தள்ளிவிட முடியாது. ஆட்கடத்தல் மெய்யான குற்றம். தீவகக் கடல் வழியே கஞ்சா கடத்தப்படுவதும் மெய். பாதாள உலகக் குற்றவாளிகள் படகில் தப்பிச் சென்று இந்தியாவில் ஒளிந்திருப்பதும் மெய். சட்டத்தை முற்றாகத் தளர்த்தினால் இத்தகையோர் தப்பிவிடுவர் என்று அமைச்சு அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் பதிவு செய்யப்பட்ட அகதி யார் என்பதை அறிவது கடினமன்று. முகாம் பதிவேடு இருக்கின்றது. ஐ.நா. நிறுவனத்தின் சரிபார்ப்பு இருக்கின்றது. சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயம் இருக்கின்றது. அரசின் தூதரகம் அறிந்து அனுப்புபவரை அரசின் பொலிஸார் கைது செய்வதால் எந்தக் கடத்தற்காரனும் பிடிபடப் போவதில்லை.

செய்ய வேண்டியது யாது? உள்நாட்டுப் போர்க் காலத்தில் உயிரச்சத்தால் நாட்டை விட்டு வெளியேறியமை குற்றமாகாது என்ற ஒரு பிரிவை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பின்னோக்கிய பயனுடன் சேர்த்தல் வேண்டும். இவ்வகை வழக்குகளை முன்னெடுப்பதில்லை என்ற தெளிவான நெறியைச் சட்டமா அதிபர் வகுத்தல் வேண்டும். முகாம்களில் பிறந்தோரின் பிரஜாவுரிமைப் பதிவை நடமாடும் சேவையாகத் தூதரகமே முகாம் வாசலுக்குக் கொண்டு செல்லல் வேண்டும். தடுத்துவைக்கப்படும் அகதிகளை மனித உரிமைகள் ஆணைக்குழு பார்வையிடுவதற்குக் குடிவரவு அதிகாரியின் அனுமதி தேவையில்லை என்பதைச் சட்டத்தில் எழுதல் வேண்டும்.

அமைச்சர்களின் வாய்மொழி உறுதி போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாக 2024 தேர்தல்களில் தேசிய மக்கள் சக்தி வாக்குறுதி அளித்தது. 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது முஸ்லிம் இளைஞர் அதே சட்டத்தின் கீழ்த் தடுத்துவைக்கப்பட்டார். 2025 டிசெம்பரில் நீதி அமைச்சு வெளியிட்டதோ, வேறு பெயரிலான இன்னொரு பயங்கரவாதச் சட்ட வரைவு. அமைச்சர்கள் மாறுவர், வாக்குறுதிகள் மறக்கப்படும். விமான நிலையத்தில் கடமையிலிருக்கும் பொலிஸ் உத்தியோகத்தர் பார்ப்பது சட்டப் புத்தகத்தை மட்டுமே. அந்தப் புத்தகத்தின் வாசகம் மாறாத வரை பலாலியின் கதை மீண்டும் எழுதப்படக்கூடும்.

மூன்றில் இரண்டுக்கும் மேற்பட்ட பெரும்பான்மையை 2024இல் பெற்ற அரசு இது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் அதிக ஆசனங்களை வென்ற அரசு இது. இச்சிறு திருத்தத்துக்குத் தேவைப்படுவது சாதாரண பெரும்பான்மையே. வாக்குப் பலம் இல்லை என்ற சாக்கை இவ்வரசால் சொல்ல முடியாது.

கனடாவிலிருந்து வந்தவரும் மண்டபம் முகாமிலிருந்து வந்தவரும் ஒரே படகில் அனலைதீவுக்குச் செல்லும் நாள் வர வேண்டும். இருவரும் ஒரே ஊரின் பிள்ளைகள். ஒருவரை விருந்தினராகவும் மற்றவரைக் குற்றவாளியாகவும் பிரிக்கும் கோட்டைக் கிழித்தது 1948ஆம் ஆண்டின் சட்டம். அதனை அழிக்கும் பேனா இரண்டு அமைச்சர்களின் கைகளில் இருக்கின்றது. முகாம்களில் காத்திருக்கும் முதியவர்களுக்கு நாட்கள் அதிகமில்லை என்பதை அவ்விருவரும் உணர வேண்டும்.