கெமராவுக்கு முன் லென்ஸைப் பாருங்கள்



"மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதியில் போட்டோவும் வீடியோவும் எடுத்துக் கொடுக்கலாம் என்கிறாள். சீட்டுப் பணம் கொஞ்சம் கையில் உண்டு. எந்தக் கெமராவை வாங்கலாம்?" என்று ஒரு தாய் கேட்டு எழுதியிருக்கிறார்.

உருவப்படம் குறித்து உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடு தனியாக எழுதப்பட வேண்டிய விடயம். ஆனால் படம் எடுப்பது என்று ஒரு குடும்பம் தீர்மானித்துவிட்டால், பெண்கள் மத்தியில் ஓர் ஆண் கெமராவோடு நடமாடுவதை விட ஒரு பெண் பிள்ளை நிற்பது எவ்வளவோ மேல். தேவை இருக்கும் தொழில் இது. எனவே அந்தச் சீட்டுப் பணம் வீணாகாமல் எப்படிச் செலவிடுவது என்பதையே இங்கு பார்ப்போம்.

கெமரா என்ற சொல்லுக்கு லத்தீன் மொழியில் அறை என்று பொருள். 965ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், இருட்டறைக்குள் சிறு துளையினூடாக ஒளி புகும் விதத்தை ஆராய்ந்து, தமது 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலைப் பின்னாளில் எழுதினார். இன்றைய கெமராவும் ஓர் இருட்டறைதான். அதற்குள் எவ்வளவு ஒளி, எவ்வளவு தெளிவாகப் போய்ச் சேரும் என்பதைத் தீர்மானிப்பது முன்னால் இருக்கும் லென்ஸ். இதை மறந்துவிட்டு, "எத்தனை மெகாபிக்சல்?" என்று கேட்பதிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். ஏ4 தாளில் தெளிவாக ஒரு படத்தை அச்சிட ஏறத்தாழ 9 மெகாபிக்சல் போதும். 4கே வீடியோவின் ஒரு சட்டகத்தில் இருப்பதும் 8 மெகாபிக்சல் அளவுதான். 24 மெகாபிக்சல் கெமரா ஒன்று கல்யாண அல்பத்துக்குத் தாராளம். அதற்கு மேல் எண்ணைப் பார்த்துப் பணம் கொடுப்பது வீண் விரயம்.

கெமராவோடு சேர்த்து விற்கப்படும் லென்ஸ் பெரும்பாலும் 18-55 மி.மீ. அளவுடையது. அதில் எஃப் 3.5-5.6 என்று எழுதியிருக்கும். இந்த எஃப் எண் சிறிதாகச் சிறிதாக லென்ஸின் வாய் பெரிதாகத் திறக்கும். மணமகளின் முகத்தை நெருக்கி எடுக்க 55க்குக் கொண்டு போனால் எண் 5.6 ஆகிவிடும். எஃப் 1.8 எண்ணுடைய லென்ஸ் அதை விட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். மருதோன்றி இரவன்று, வீட்டு மின்குமிழ் வெளிச்சத்தில் எடுக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒன்றில் படம் புள்ளி புள்ளியாகவோ அசைந்தோ வரும். மற்றதில் முகம் தெளிவாக வரும்.

ஆகவே என் ஆலோசனை இதுதான். பணம் முழுவதையும் கெமராவுக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒரு தரம் குறைந்த கெமராவை, நல்ல நிலையில் இருந்தால் பாவித்ததையேனும் வாங்கி, மிச்சப்படுத்தும் பணத்தில் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். கெமரா சில வருடங்களில் பழசாகிவிடும். நல்ல லென்ஸோ, அதே பொருத்துவாய் உள்ள அடுத்த கெமராவிலும் உழைக்கும்.

எந்த அளவு லென்ஸ்? ஏபிஎஸ்-சி எனப்படும் சிறிய உணரி கொண்ட கெமராக்களில் 50 மி.மீ. லென்ஸ், 75 அல்லது 80 மி.மீ. போலக் காட்சியைக் குறுக்கிவிடும். முகங்களுக்கு அது அழகு. ஆனால் நமது வீட்டு அறைகளில் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் நாலு பேர் படத்துக்குள் அடங்க மாட்டார்கள். 35 மி.மீ. லென்ஸ் இரண்டுக்கும் உதவும். அறை முழுவதையும் காட்ட, கூடவே வந்த லென்ஸின் 18 மி.மீ. பக்கம் போதும். ஒரு எச்சரிக்கை: வரிசையாக நிற்கும் குடும்பப் படத்தை 1.8இல் எடுத்தால் பின்வரிசை மங்கிவிடும். அப்போது எண்ணை 5.6க்குக் கொண்டு வர வேண்டும்.

லென்ஸ் பொருந்தினால் மட்டும் போதாது. உதாரணமாக, நிக்கோனின் டி3000, டி5000 வரிசைக் கெமராக்களுக்குள் மோட்டார் இல்லை. பழைய 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸை அவற்றில் பூட்டலாம். ஆனால் குவியத்தைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

வீடியோவும் எடுப்பதென்றால் மைக் பூட்டும் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். மங்கிய படத்தைப் பொறுப்பார்கள், கேட்காத குரலைப் பொறுக்க மாட்டார்கள். பழைய கெமராக்கள் பல 29 நிமிடம் 59 செக்கனில் பதிவை நிறுத்திவிடும் என்பதையும் அறிந்திருங்கள். நமது நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், செக்கனுக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50 என்று வைத்துக்கொண்டால் மின்விளக்குகள் வீடியோவில் துடிக்காது. 4கே வீடியோ ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைட் வரை விழுங்கக் கூடும். வீ30 என்று குறிக்கப்பட்ட கார்ட் இரண்டும் மேலதிக பெட்டரி ஒன்றும் செலவுக் கணக்கில் சேர வேண்டும்.

பாவித்த லென்ஸை வாங்கும்போது டோர்ச் வெளிச்சத்தை அதனூடாகப் பாய்ச்சிப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சணம். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நமது ஈரக் காற்றில் புதிய லென்ஸுக்கும் இந்த நோய் வரும். அலுமாரிக்குள் துணியால் சுற்றி வைக்காமல், காற்றுப் புகாத பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள். அந்தப் பொதிகளையும் இடைக்கிடை மாற்றுங்கள்.

இறுதியாக, எல்லாவற்றையும் விடப் பெறுமதியான ஒரு விடயம். பெண்கள் பகுதியில் எடுத்த படம் ஓர் அமானிதம். கார்டிலிருந்து அழித்த படங்களை மீண்டும் எடுக்கக்கூடிய மென்பொருள்கள் உண்டு. ஆகவே பாவித்த கார்டை விற்காதீர்கள், இரவலும் கொடுக்காதீர்கள். கெமராவிலிருந்து கையடக்கத் தொலைபேசிக்கு மாற்றினால், அது தானாகவே இணையக் களஞ்சியத்துக்கு ஏற்றிவிடாதபடி முதலில் நிறுத்தி வையுங்கள். படங்கள் உள்ள கணினியை அப்படியே திருத்தும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். வேலை முடிந்ததும் குடும்பத்தாரிடம் ஒப்படைத்து, எத்தனை நாளில் உங்களிடமுள்ள பிரதியை அழிப்பீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அனுமதியின்றி ஒரு படத்தையும் விளம்பரத்துக்குப் பாவிக்க வேண்டாம்.

நல்ல லென்ஸ் ஒரு பிள்ளைக்கு முதலாவது கல்யாண வீட்டைப் பெற்றுத் தரலாம். இரண்டாவது வீட்டார் கூப்பிடுவது அவளது நம்பிக்கைக்காகத்தான். அல்லாஹ் உழைப்பில் பரக்கத் செய்வானாக.